ஒரே குழுவில் ஆடியவர்கள் அரையிறுதியில் மறுபடி மோதுவது ஏன்?

உங்கள் போட்டியில் 16 பேர், நான்கு ரவுண்ட் ராபின் குழுக்கள் (குழுவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள்), குழுவுக்கு முதல் இருவர் நாக்அவுட்டுக்கு என்கிறீர்கள். இரண்டாம் இடக்காரர்களின் வரிசையை மட்டும் மாற்றுங்கள், போதும். சீடு (நாக்அவுட் அட்டவணையில் ஆட்டக்காரருக்குத் தரும் வரிசை எண்) 1 முதல் 4 வரை ஏ1, பி1, சி1, டி1 அப்படியே இருக்கட்டும்; ஏ1 என்றால் ஏ குழுவில் முதலிடம், ஏ2 என்றால் இரண்டாமிடம். 5 முதல் 8 வரை பி2, ஏ2, டி2, சி2 என்று கொடுங்கள். ஒரே குழுவிலிருந்து வந்த இருவர் இறுதி ஆட்டத்துக்கு முன் சந்திக்கவே முடியாது.

அநேகமாக இரண்டாம் இடங்களையும் ஏ2, பி2, சி2, டி2 என்றே உள்ளிட்டிருப்பீர்கள். மென்பொருள் வழக்கமாக அட்டவணையின் மேல்பாதியில் சீடு 1-8, 4-5 என்றும், கீழ்பாதியில் 2-7, 3-6 என்றும் ஜோடி சேர்க்கும். அதன்படி மேல்பாதியில் ஏ1-டி2, டி1-ஏ2 வந்து உட்காரும். காலிறுதி பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும், வினை அடுத்த சுற்றில். ஏ1, ஏ2 இருவரும் ஜெயித்தால் குழுவில் ஆடிய அதே ஆட்டம் திரும்ப வரும். கீழ்பாதியில் பி, சி குழுக்களுக்கும் இதே கதைதான்.

மாற்றிய பிறகு:

1. மேல்பாதியில் ஏ1, சி2, டி1, பி2 இருக்கிறார்களா பாருங்கள். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் வரிசை தப்பு.
2. சில மென்பொருள்கள் மொத்தப் புள்ளிகளை வைத்துத் தாமாகவே சீடு மாற்றும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். இது ஒருமுறை தோற்றால் வெளியேறும் சிங்கிள் எலிமினேஷனுக்குத்தான் சரி. இருமுறை தோற்றால்தான் வெளியேறும் டபுள் எலிமினேஷன் என்றால் தோற்றவர் பக்கத்தில் பழைய ஜோடிகள் மறுபடி சேரலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒரு குழுவில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் சுற்றி வென்று ஆளுக்கு இரண்டு வெற்றி, ஒரு தோல்வி என்று சமமாக நின்றால் யார் முன்னேறுவது என்று சொல்ல நேரடி மோதல் முடிவு உதவாது. வென்ற, தோற்ற கேம்களின் வித்தியாசமா, மறு ஆட்டமா என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.