கோயில் வைத்தியத்தைப் படிக்கிறவளிடம் சித்தி கேட்டது

கேள்வி: எனக்குத் தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். பழங்காலத்தில் நோய் தீர்க்க நடந்த வழிபாடுகள் பற்றி பிஎச்.டி. செய்கிறேன், மூன்றாம் வருடம். கிரேக்கத்து வைத்தியச் சாமி அஸ்க்லீப்பியஸின் கோயில்களும், சங்கப் பாட்டில் நோய் தீர்க்க முருகனை வரவழைத்து வேலன் சாமியாடும் வெறியாட்டும்தான் என் ஆய்வு. இப்போது சித்தி மகளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள்தான் ஆகிறது, தூக்கமே இல்லை, யாரோடோ பேசுகிறாள், பிள்ளையைப் பார்த்தாலே மிரள்கிறாள். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்க வைக்கலாம் என்கிறார்கள். சித்தி என்னிடம், "நீதான் இதையெல்லாம் படிக்கிறவளாச்சே, அங்க போனா சரியாகுமா, சொல்லு" என்கிறார். வேண்டாம் என்றால் படித்த திமிர் என்பார்கள், போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கைடிடம் கேட்டால், "தலையிடாதே, கவனித்துக் குறிப்பெடு, ஒரு அத்தியாயம் கிடைக்கும்" என்கிறார். நான் என்ன செய்ய? இந்தப் படிப்பால் யாருக்காவது பயன் உண்டா?
– பெயர் வேண்டாம்

பதில்: முதலில் அந்தப் பெண். கடிதம் கிடைத்த அன்றே இதை உங்களிடம் போனில் சொல்லிவிட்டேன், பத்திரிகை அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. ஆனால் இதே நிலையில் இன்னொரு வீடும் இருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். பிரசவமான முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கம் போய், இல்லாத குரல் கேட்டு, பெற்ற பிள்ளையைக் கண்டே பயப்படுவது ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிற நோய். அவசர நோய். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே குணமாகிவிடும், விட்டுவைத்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இரண்டு பேரையும் தனியாக விடாதீர்கள், ராத்திரி யாராவது ஒருவர் முழித்திருங்கள், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அன்றைக்கே கூட்டிப்போங்கள். வண்டி இல்லை என்றால் 108. என்ன செய்வதென்று புரியாமல் நடுராத்திரியில் தவித்தால் 14416, அரசின் டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மண்டலக் கணக்கெல்லாம் அப்புறம்.

சரி, சித்தியிடம் எப்படிப் பேசுவது? அவர் ஆய்வுக் கேள்வி கேட்கவில்லை. பயந்துபோய், வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருக்கிறதே என்று கேட்கிறார். அதற்கு அக்காவாகப் பதில் சொல்லுங்கள், ஆய்வாளராக அல்ல. "ஏர்வாடி வேண்டாம்" என்று ஆரம்பித்தீர்களானால் பேச்சு அங்கேயே சாமி உண்டா இல்லையா என்று திரும்பிவிடும், ஆஸ்பத்திரி மறந்துபோகும். "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம் சித்தி, துஆவை யாரு வேண்டாம்னா, நம்ம ஆளு ஒருத்தர் போய் ஓதிட்டு வரட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். இது ஏமாற்றும் இல்லை, சமாளிப்பும் இல்லை. ஏர்வாடியிலேயே இன்று தர்கா பக்கத்தில் அரசு மனநல மருத்துவம் கிடைக்கிறது, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே போகட்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. அது ஏன் வந்தது என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு தனியார் காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்துபோனார்கள். அதைச் செய்தது தர்காவின் நம்பிக்கை இல்லை, நம்பி வந்த குடும்பங்களிடம் காசு வாங்கிக்கொண்டு சங்கிலி போட்ட வியாபாரம். மன நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது 2017-ஆம் வருட மனநலச் சட்டப்படி குற்றம். பேச்சில் யாராவது "கட்டிப் போட்டாத்தான் அடங்கும்" என்றால் அந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்துங்கள், திமிர் என்றாலும் பரவாயில்லை.

இப்போது உங்கள் படிப்புக்கு வருவோம். பயன் உண்டா என்று கேட்கிறீர்கள், ஆனால் சித்திக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. சாமியா டாக்டரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சண்டை அந்தக் காலத்தில் பெரும்பாலும் கிடையாது. பழைய கிரேக்க நகரமான பெர்காமத்துக் கேலன் எத்தனை பெரிய வைத்தியர், அவரே அஸ்க்லீப்பியஸ் பக்தர். ஏதென்ஸில் நகர வைத்தியர்கள் வருடத்துக்கு இரண்டு முறை அந்தச் சாமிக்குப் பலி கொடுப்பது வழக்கமாக இருந்தது. நம் பக்கம் காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழனின் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டைப் பாருங்கள், பெருமாள் கோயில் செலவில் பதினைந்து படுக்கையோடு ஆதுலர் சாலை என்ற ஆஸ்பத்திரி, வைத்தியருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இவ்வளவு, இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சாமி இருந்த இடத்திலேயே மருந்தும் இருந்திருக்கிறது. இதை சித்தியிடம் இரண்டு வரியில் சொல்லலாம், புரியும்.

இன்னொரு விஷயம், இது சித்திக்கு இல்லை, உங்களுக்கு. அஸ்க்லீப்பியஸின் பெரிய கோயில் இருந்த எப்பிடாரஸின் கல்வெட்டுகளை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். ஐந்து வருடம் கர்ப்பமாக இருந்த கிளியோ கோயிலில் ஒரு ராத்திரி படுத்தாள், பிள்ளை பிறந்தது. ஒற்றைக் கண் தெரியாத அம்புரோசியா இதெல்லாம் நடக்கிற கதையா என்று சிரித்தாள், அவளையும் சாமி குணப்படுத்தி, அறியாமைக்கு அபராதமாக ஒரு வெள்ளிப் பன்றி கேட்டார். அருமையான கதைகள். ஆனால் அவை கோயில்காரர்களே வாசலில் நிறுத்தி வைத்த கல். வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது எதுவோ அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள். குணமாகாமல் திரும்பியவருக்குக் கல் இல்லை. அதோடு அந்த வளாகத்துக்குள் யாரும் சாகக் கூடாது, பிள்ளை பெறவும் கூடாது. பேறு நெருங்கியவர்களும் சாகக் கிடந்தவர்களும் திறந்த வெளியில் தவித்தார்கள், இரண்டாம் நூற்றாண்டில்தான் வெளியே அவர்களுக்கென்று ஒரு கட்டிடம் வந்தது என்று அதே காலத்தில் போய்ப் பார்த்த கிரேக்கப் பயணி பவுசானியாஸ் எழுதி வைத்திருக்கிறார். ஆக, இப்போது உங்கள் தங்கை மாதிரிப் பிள்ளை பெற்று வந்த பெண்ணின் துயரம் அந்தக் கணக்கில் எளிதில் ஏறியிருக்காது. சாமோத்ராக்கி என்ற கிரேக்கத் தீவில் கடலில் தப்பித்தவர்கள் வைத்த காணிக்கைகளைக் காட்டி ஒருவர் வியந்தபோது, தப்பிக்காதவர்களும் வைத்திருந்தால் இன்னும் நிறைய இருந்திருக்குமே என்றாராம் கிரேக்க ஞானி டயோஜெனிஸ். கடலுக்குப் போகிற வீட்டுப் பெண்ணுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? "அங்க போய்ச் சரியான ஆளுகளை எனக்குத் தெரியும்" என்று யாராவது சொன்னால், இல்லை என்று மறுக்காதீர்கள், சரியாகாமல் வந்தவர்களை யார் எண்ணினார்கள் என்று மட்டும் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியதுதான் மூன்று வருடப் படிப்பு, அது வீட்டுக்கும் ஆகும், வைவாவுக்கும் ஆகும்.

சங்கப் பாட்டிலும் இந்தக் குரல் இருக்கிறதே! நற்றிணை 34-இல் தலைவிக்கு வந்தது காதல் நோய், வீட்டில் முருகன் பிடித்தது என்று வெறியாட்டு நடத்துகிறார்கள், தோழி முருகனைப் பார்த்தே சொல்கிறாள்: இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று கடம்ப மாலை போட்டுக்கொண்டு வந்துவிட்டாயே, கடவுளாகவே இரு, ஆனாலும் நீ மடையன்தான். சாமி இல்லை என்கிறாளா? இல்லவே இல்லை. நோய் எது என்பதைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள் என்கிறாள். படித்த திமிர் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு பெண் இரண்டாயிரம் வருடம் போல முன்னால் பேசியது.

கைடு விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், அறிமுகமில்லாத ஊரில் களப்பணி செய்யும்போது தலையிடாதே என்பது பழைய பாடம். ஆனால் சித்தி வீடு உங்கள் களம் இல்லை. குறிப்பெடுக்காதீர்கள். அந்த நிலையில் இருக்கும் பெண் சம்மதம் சொல்ல முடியாது, குணமான பிறகு உங்கள் மேல் உள்ள பாசத்தில் சம்மதித்தால்கூட, "ஒரு கடற்கரைக் கிராமம், 24 வயது, முதல் பிரசவம்" என்று எழுதி உங்கள் பெயரை அட்டையில் போட்டால் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை அது யார் என்று தெரியாதவர் இருக்க மாட்டார்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை பெரியவனாகி அதைப் படிப்பான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அத்தியாயம் வேண்டுமென்றால் ஓரியூர் இருக்கிறது. ராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதி காலத்தில் தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் நோயிலிருந்து பிழைத்து மதம் மாறினார், அதன் தொடர்ச்சியாக 1693-இல் இயேசு சபைப் பாதிரியார் அருளானந்தர் அங்கே வெட்டப்பட்டார், அவர் ரத்தம் விழுந்த சிவப்பு மண் என்று இன்றும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒரு குணம், ஒரு கொலை, ஒரு மண். இயேசு சபையாரின் கடிதங்களாகப் பதிவும் இருக்கிறது, யாருடைய மானமும் போகாது. பழங்காலத்துக்கு இது வெளியே என்று கமிட்டி சொன்னால் ஒப்பீட்டுப் பகுதியில் வையுங்கள்.

ஒப்பீடு என்றதும் ஒரு எச்சரிக்கை. எப்பிடாரஸில் கனவுக்காகப் படுத்தார்கள், ஏர்வாடியில் கனவில் உத்தரவு வரும் என்று காத்திருக்கிறார்கள்; கிரேக்க நகரம் கொரிந்தில் காணிக்கையாகச் சுட்ட மண்ணில் கை, கால், காது, இங்கே வெள்ளித் தகட்டில் கண்மலர். பார்த்தவுடன் கை பரபரக்கும். நம் மாவட்டத்து அழகன்குளத்தில் ரோமானியப் பானை ஓடும் காசும் கிடைத்திருக்கின்றன, எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் செராப்பிஸ் கோயில் வளாகத்திலேயே இந்திய ஜாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்திருக்கிறது, அந்த செராப்பிஸும் கனவில் வந்து குணமாக்குகிற சாமி. உடனே அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று கோடு போட்டுவிடாதீர்கள். மிளகு போனதற்கு மிளகுதான் சாட்சி, வழிபாடு போனதற்கு வேறு சாட்சி வேண்டும். நோயாளிக்குத் தூக்கம் வராது, தூங்கினால் கனவு வரும், அதை எந்த ஊரிலும் யாரும் சொந்தமாகவே கண்டுபிடித்திருக்கலாம்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயன் என்ற கேள்விக்குள் அதுவும் இருக்கும் என்று நினைக்கிறேன். நேர்முகத்தில் "அஸ்க்லீப்பியஸ்" என்றால் எதிரே இருப்பவர்கள் முழிப்பார்கள், வரலாற்றுத் துறைப் பணியிடமும் குறைவு. அதனால் தமிழ்ப் பக்கத்துக் காலைப் பலமாக ஊன்றுங்கள், சுவடி வாசிக்கவும் கல்வெட்டு வாசிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறையும் சித்த மருத்துவத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கிரேக்கத்தை விட்டுவிடவும் வேண்டாம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாதிரி இடங்களில் புதிய ஏற்பாட்டுக்காகச் சொல்லித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். மூலங்கள் பெர்சியஸ் இணைய நூலகத்தில் இலவசம்.

இப்போதைக்கு கைடிடம் குடும்பத்தில் உடல்நிலை சரியில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்து லீவு எடுங்கள், விவரம் வேண்டாம். பிஎச்.டி.க்கு ஆறு வருடம் இருக்கிறது, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் தர யுஜிசியின் 2022 விதிகளில் இடமுண்டு. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு பெண் துணை வேண்டும், சித்தி கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அந்த இடத்துக்கு நீங்கள் போங்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும், டாக்டர் சொல்லும்வரை நிறுத்த விடாதீர்கள்.