மாதிரி ஐ.நா. அமர்வில் நிலையான வளர்ச்சி ஒப்பந்தம் பேசப் போகிறோம். நிஜத்தில் அந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கும், எப்படித் தயாராவது?

கிண்டியில் உங்கள் கல்லூரியில் மூன்று நாள் அமர்வு, நீங்கள் ஐந்து பேர் இந்தியாவின் இடத்தில் உட்காரப் போகிறீர்கள், எதைப் படித்துவிட்டுப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடக்க உரைக்கு அதிகம் மெனக்கெடாதீர்கள். அமைச்சர்கள் மேடையில் முழங்கும்போது பேச்சுவார்த்தையாளர்கள் பலர் அந்த அரங்கிலேயே இருக்க மாட்டார்கள். பக்கத்து அறையில், திரையில் ஓடும் வரைவில் ஏதோ ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். சண்டை முழுக்க அந்த வரைவுக்குள்தான்.

தலைவரோ இணை ஒருங்கிணைப்பாளர்களோ முதலில் ஒரு வரைவைச் சுற்றுக்கு விடுவார்கள். ஜீரோ டிராஃப்ட் என்று பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் சேர்ப்பதும் எதிர்ப்பதும் சதுர அடைப்புக்குறிக்குள் போகும். இப்படி ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

"சூழலுக்கு உகந்த தொழில்நுட்பம் வளரும் நாடுகளுக்கு [சலுகை நிபந்தனைகளில்] [பரஸ்பரம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில்] மாற்றித் தரப்பட [வேண்டும்] [ஊக்குவிக்கப்படுகிறது]."

முதல் அடைப்பு நம்முடையது. இரண்டாவது, காப்புரிமை கையில் இருக்கும் பணக்கார நாடுகளுடையது. கம்பெனி ஒப்புக்கொண்டால்தான் தொழில்நுட்பம் வரும் என்பது அதன் உள்ளர்த்தம். இது எப்படி முடியும் என்பதற்கு நிஜ உதாரணமே இருக்கிறது. ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 17.7-வது துணை இலக்கை எடுத்துப் படியுங்கள். சலுகை, முன்னுரிமை எல்லாம் வரிசையாக வந்து, கடைசியில் 'பரஸ்பரம் ஒப்புக்கொண்டபடி' என்று முடியும். இரண்டு தரப்பும் ஊருக்குத் திரும்பி 'எங்கள் வார்த்தை இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ளலாம். வரியின் வாலில் உட்கார்ந்திருப்பது யாருடைய வார்த்தை என்று பார்த்தால் யார் கை ஓங்கியது என்று புரியும்.

அறைக்குள் கைக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று. மைக் கிடைத்ததும் நியாயத்தைப் பேச ஆரம்பிக்காதீர்கள். "பத்தி 12, இரண்டாம் வரி, 'நிதி' என்பதற்கு முன் 'புதிய, கூடுதல்' என்று சேர்க்கிறோம்" என்று எழுத்தை முதலில் கொடுங்கள். பழைய உதவித்தொகைக்கே புதுப் பெயர் சூட்டிக் கணக்குக் காட்டிவிடக் கூடாது என்ற காரணத்தை அதன் பிறகு ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். பிடிக்காத வரி திரையில் வந்தால் அப்போதே அடைப்புக்குள் போடச் சொல்லுங்கள். சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்துவிடவும் கூடாது. 2009 கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன்பு காலநிலை வரைவு ஏறக்குறைய 200 பக்கத்துக்கு வீங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் சில தலைவர்கள் தனியாக உட்கார்ந்து வேறொரு தாளை எழுதினார்கள், மாநாடு அதை ஏற்காமல் 'கவனத்தில் கொண்டது'. அளவுக்கு மீறி அடைத்தால் பேனா உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

புதுச் சொற்றொடரை ஒருபோதும் நீங்களாக உருவாக்காதீர்கள். ஏற்கெனவே எல்லா நாடும் ஒப்புக்கொண்ட பழைய வாசகத்தைக் கொண்டுவந்தால் எதிர்ப்பது கஷ்டம். 1992 ரியோ பிரகடனத்தில் 27 கோட்பாடுகள். அதில் 7-வது, 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்', அதாவது பொறுப்பு எல்லா நாட்டுக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. இந்தியாவின் அடிப்படை ஆயுதம் இதுதான். 2012 ரியோ+20 மாநாட்டு அறிக்கையின் 283 பத்திகளும், 2015 அடிஸ் அபாபா நிதி ஆவணமும் கையில் இருக்கட்டும். எல்லாம் இணையத்தில் கிடைக்கும். தாளில் புரட்டிப் படிக்கும் ஆசை இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் ஐ.நா. வெளியீடுகள் வந்து சேரும் நூலகம்தான். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு அட்டவணை போடுங்கள்: பத்தி எண், நமக்கு வேண்டிய வாசகம், அது எந்தப் பழைய ஆவணத்தில் இருக்கிறது, கிடைக்காவிட்டால் எதுவரை இறங்கலாம், எதற்குக் கீழே இறங்கவே கூடாது. இந்தக் கடைசிக் கட்டத்தை ஊரிலேயே நிரப்பிவிட வேண்டும். நிஜக் குழுக்களுக்கு அது தலைநகரிலிருந்து எழுத்தில் வரும். அறைக்குள் போய் யோசிக்கலாம் என்று விட்டால், நல்லவராகத் தெரியவேண்டும் என்ற ஆசையிலேயே பாதியை விட்டுக்கொடுத்துவிடுவீர்கள்.

இந்தியா தனியாகப் பேசுவது குறைவு. 1964-ல் உருவான ஜி-77 என்ற வளரும் நாடுகளின் குழுவில் இன்று 134 நாடுகள். சீனாவும் கூட நிற்கும். காலை அமர்வுக்கு முன்பே இந்தக் குழு தனியாகக் கூடித் தன் நிலையை முடிவு செய்யும். அந்தக் கூட்டத்தில்தான் முதல் சண்டை. எண்ணெய் விற்கும் நாடும், கடலில் மூழ்கப் போகும் தீவும் ஒரே குழுவில் இருந்தால் வேறு எப்படி இருக்கும்? குழு வாசகத்தில் உங்கள் வரி ஏறிவிட்டால் பெரிய அறையில் உங்கள் வேலை பாதி முடிந்தது. நிலையான வளர்ச்சி இலக்குகளை வடித்த பணிக்குழுவில் 30 இடங்கள்தான், பங்குபோட்டுக்கொண்டவை சுமார் 70 நாடுகள். அதில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் ஒரே இருக்கையில்! ஹங்கேரியின் சாபா கொரோசியும் கென்யாவின் மச்சாரியா கமாவும் இணைத் தலைவர்கள். 2013 மார்ச் தொடங்கி 2014 ஜூலை வரை 13 அமர்வுகளில் 17 இலக்கு, 169 துணை இலக்கு வந்தன. அந்த மூட்டையை அவிழ்த்தால் எல்லாம் கொட்டிவிடும் என்ற பயத்தில், அடுத்த ஆண்டு பேச்சில் துணை இலக்குகளைப் பெரிதாக யாரும் தொடவிடவில்லை.

மாதிரி அமர்வுகளில் எனக்குப் பிடிக்காத விஷயம், கடைசியில் கையைத் தூக்கி வாக்கெடுப்பு நடத்துவது. காலநிலை மாநாட்டில் வாக்கெடுப்பு விதி, நடைமுறை விதிகளில் 42-வது, இன்றுவரை ஏற்கப்படவே இல்லை. ஆகவே எல்லாம் ஒருமித்த கருத்தில்தான் போகும். யாரும் முறைப்படி மறுக்கவில்லை என்பதே அதன் பொருள், எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்பதல்ல. மறுத்தாலும் சில நேரம் தலைவரின் சுத்தியல் விழும், முடிவு ஏற்கப்பட்டது என்று அர்த்தம். 2010 கான்கூனில் பொலிவியா மட்டும் எதிர்த்தது, தலைவர் முடிவை அறிவித்துவிட்டார். உங்கள் ஏற்பாட்டாளர்களிடம் வாக்கெடுப்பை நீக்கச் சொல்லிப் பாருங்கள், அமர்வின் முகமே மாறிவிடும்.

வினைச்சொல்லில் கண் வையுங்கள். 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் இறுதி வரைவு வந்தபோது 4.4-வது பிரிவில், வளர்ந்த நாடுகள் உமிழ்வு குறைப்பில் முன்னிற்பது பற்றிய இடத்தில் 'ஷல்' என்று இருந்தது. கட்டாயக் கடமை. அப்படியே விட்டால் அமெரிக்க அரசு ஒப்புதலுக்குச் செனட்டுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது. கட்டாயமில்லாத 'ஷுட்' என்று மாற்றி, மற்ற எழுத்துத் திருத்தங்களோடு சேர்த்து மேடையில் படித்தார்கள், சுத்தியல் விழுந்தது. 2021 கிளாஸ்கோவில் நிலக்கரி மின்சாரத்தை 'ஒழிப்பது' கடைசி நேரத்தில் 'குறைப்பது' ஆனது. திருத்தத்தைப் படித்தவர் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ். வடசென்னை அனல் மின் நிலையப் புகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை.

முட்டிக்கொண்டு நிற்கும்போது தலைவர் 'ஹடில்' என்று கூப்பிடுவார். அரங்கின் நடுவிலேயே நின்றுகொண்டு, முக்கியத் தரப்புகள் மட்டும் வட்டமாகப் பேசும். 2011 டர்பன் காலநிலை மாநாட்டில், நேரம் முடிந்து ஒன்றரை நாள் ஓடியபின், ஞாயிறு அதிகாலையில் நம் ஜெயந்தி நடராஜனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோனி ஹெடகார்டும் அப்படித்தான் நின்றார்கள். 'சட்ட விளைவு' என்பது ஐரோப்பாவுக்குப் போதவில்லை, புரோட்டோகால் என்ற கட்டாய ஒப்பந்தமாகக் கட்டிப்போடுவது இந்தியாவுக்கு ஆகவில்லை. 'சட்ட வலுவுள்ள, ஒப்புக்கொண்ட முடிவு' என்ற மூன்றாவது வாசகம் அங்கே பிறந்தது. பாரிஸ் ஒப்பந்தத்துக்கான பேச்சு அந்த வரியிலிருந்துதான் கிளம்பியது. உங்கள் அமர்விலும் மாற்று வாசகத்தை எழுதிப் பையில் வைத்திருப்பவர் கைதான் ஹடிலில் ஓங்கும்.

நேரமும் ஒரு ஆயுதம்தான். நியூயார்க்கில் அமர்வுகள் காலை 10 முதல் 1, மதியம் 3 முதல் 6. அதற்கு மேல் இழுத்தால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர்கள் கிளம்பிவிடுவார்கள், ஆங்கிலத்திலேயே ஓடும். இரண்டே பேர் வந்திருக்கும் நாடு நள்ளிரவில் ஒரே நேரத்தில் நான்கு அறையில் உட்கார முடியாது. ஐந்து பேரும் ஒரே அறையில் குவியாமல், யாருக்கு எந்தப் பத்தி என்று பிரித்து, இருவரை முறைவைத்துத் தூங்க அனுப்புங்கள். திறந்த அமர்வுகளை ஐ.நா. இணையத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். கோடையில் நியூயார்க்கின் காலை அமர்வு இங்கே இரவு 7.30-க்குத் தொடங்கும். அடைப்புக்குறி சண்டை நடக்கும் அறைகளில் கேமரா இருக்காது. அதற்கு 1992-லிருந்து வெளிவரும் எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டினின் அன்றாட அறிக்கைகளைப் படியுங்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது கடைசிப் பிரிவில்: ஒப்பந்தம் எப்போது அமலுக்கு வரும்? பாரிஸுக்கு முந்தைய கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தில், அமலுக்கு வர ஏற்க வேண்டியது 55 நாடுகளும், வளர்ந்த நாடுகளின் 1990 உமிழ்வில் 55 சதவீதமும் என்று வைத்தார்கள். 2001-ல் அமெரிக்கா விலகியதும் சாவி ரஷ்யாவின் கைக்குப் போனது. ரஷ்யா ஏற்ற பிறகு 2005 பிப்ரவரியில்தான் அமலானது, கையெழுத்துக்கு வைத்து ஏழு ஆண்டு கழித்து. பாரிஸிலும் அதே 55, 55. ஆனால் உலக உமிழ்வு முழுவதையும் கணக்கில் எடுத்ததால் ஒரே நாட்டின் கையில் சிக்கவில்லை. இந்தியா 2016 அக்டோபர் 2-ல் ஏற்றது, நவம்பர் 4-ல் ஒப்பந்தம் உயிர்பெற்றது. உங்கள் வரைவில் சதவீதம் போடுவதாக இருந்தால், மிகப் பெரிய ஒரு நாடு வெளியே போனாலும் மீதி நாடுகளால் அந்த எண்ணைத் தொட முடிகிறதா என்று கூட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.