சர்வரைக் கூட்டியும் வேகம் கூடவில்லையா?

கேள்வி: கார்டு மோசடியைப் பிடிக்க ஓடிவரும் தரவை உடனுக்குடன் அலசும் அப்பாச்சி ஃபிளிங்க் மென்பொருளில் சி.இ.பி. பேட்டர்ன் (எந்த வரிசையில் நிகழ்வுகள் வந்தால் பிடிக்க வேண்டும் என்ற விதி) எழுதியிருக்கிறோம். ஒரே கார்டில் 10 நிமிடத்துக்குள் சில சின்னத் தொகைகளும் அடுத்து ஒரு பெரிய தொகையும் வந்தால் எச்சரிக்கை. நிகழ்வுகளைப் பிரித்து அனுப்ப உதவும் கீயாகக் கடை எண்ணை வைத்திருக்கிறோம். மாலையானால் மெமரி நிரம்பி எல்லாம் தேங்குகிறது. சர்வரை இரண்டு மடங்காக்கியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் கோளாறு அந்தக் கடை எண்தான். ஒரு கீயின் நிகழ்வுகள் எல்லாம், வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் டாஸ்க்குகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் போகும். மாலையில் கூட்டம் அள்ளும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் கீ ஒன்றுதான். பக்கத்தில் எத்தனை சர்வர் சும்மா நின்றாலும் கைகொடுக்காது. போதாததற்கு, ஒரே கார்டா என்று பார்க்க, கண்டிஷனுக்குள் முந்தைய நிகழ்வுகளை எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். அது செலவு பிடித்த வேலை. கார்டு எண்ணையே கீயாக்கினால் இரண்டு தொல்லையும் தீரும்.

அப்புறம் பேட்டர்ன். மெமரியைத் தின்பது வரும் நிகழ்வுகளைவிட, பாதியில் காத்திருக்கும் பொருத்தங்கள்தான். ஒரு கார்டில் 20 சின்னத் தொகை வந்ததாக வையுங்கள். ‘ஒன்ஆர்மோர்’ (ஒன்றோ அதற்கு மேலோ) என்று எழுதினால், எங்கே தொடங்கி எங்கே முடிவது என்ற கணக்கில் 210 வழி. கூடவே ‘அலவ்காம்பினேஷன்ஸ்’ (இடையில் விட்டுவிட்டும் சேர்க்கலாம்) போட்டால் 10,48,575! எதுவும் தவறிவிடக் கூடாதே என்று நானும் ஒருமுறை அதைச் சேர்த்துவிட்டு ராத்திரி முழுக்கக் கண்விழித்திருக்கிறேன். மூன்று போதும் என்றால் ‘டைம்ஸ்(3)’ போடுங்கள், அடுத்தடுத்த மூன்றாக 18 வழிதான். ஒரு பொருத்தம் முடிந்ததும் அதற்குள் தொடங்கிய மற்றவற்றைக் கைவிடச் சொல்லும் ‘ஸ்கிப்பாஸ்ட்லாஸ்ட்ஈவென்ட்’ இரட்டை எச்சரிக்கைகளைக் குறைக்கும். ஆனால் பெரிய தொகை வரும்வரை மெமரிக்கு அதனால் லாபமில்லை.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்குப் பேட்டர்னே வேண்டாம். கார்டுக்குக் கடைசி மூன்று சின்னத் தொகைகளின் நேரத்தை ஸ்டேட்டில் (ஃபிளிங்க் ஒவ்வொரு கீக்கும் நினைவில் வைக்கும் தகவலில்) வைத்தாலே போதும். வரிசை மாறி வரும் நிகழ்வுகளை மட்டும் நீங்களே கவனிக்க வேண்டியிருக்கும்.

சி.பி.யு. ஓய்வாக இருந்தும் எச்சரிக்கை வரவில்லையா? எந்த நேரம் வரையிலான நிகழ்வுகள் வந்துவிட்டன என்று காட்டும் வாட்டர்மார்க்கைப் பாருங்கள். நிகழ்வுகளை வரிசையாக வைத்து அனுப்பும் காஃப்காவில் ஒரு பார்ட்டிஷன் (வரிசைகளில் ஒன்று) காலியாகக் கிடந்தால் வாட்டர்மார்க் நகராது, நிகழ்வுகள் தேங்கும். காலியானதைக் கணக்கில் விடச் சொல்லும் ‘வித்ஐடில்னெஸ்’ போட்டால் சரியாகிவிடும்.

கீயை மாற்றினால் பழைய சேவ்பாயிண்ட்டில் (வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர எடுத்துவைத்த நகலில்) இருக்கும் பேட்டர்ன் ஸ்டேட் உதவாது. போகட்டும், அதில் இருப்பது 10 நிமிடக் கணக்குதானே. காஃப்காவில் அந்த அளவு பின்னால் போய்ப் படிக்கத் தொடங்குங்கள். ஓரிரு எச்சரிக்கை இரண்டு தடவை வரும், அவ்வளவுதான்.