மூடப்படுவது கட்டடம் மட்டும்தானா? – வாசகர் கேள்வி பதில்

காவல் நிலையங்களை ஒன்றோடொன்று இணைப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த ஒரு கேள்விக்கு இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது போதாது என்று பலரும், அது தவறு என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் அவர்களின் விருப்பப்படி விடப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதியில் நெடுங்காலமாக இயங்கிவரும் காவல் நிலையத்தை மூடி, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய நிலையத்துடன் இணைக்கப்போகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் அதிகாரிகளைச் சந்தித்தோம். “மூடுவது கட்டடத்தைத்தான். ஒரு காவலரைக்கூடக் குறைக்கவில்லை. ரோந்து வாகனம் முன்பைவிட அடிக்கடி வரும்” என்கிறார்கள். “பயமாக இருக்கிறது” என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. என்ன சொல்லலாம்?

பதில்: அச்சம் ஒதுக்கித் தள்ளவேண்டிய வாதம் அன்று. ஆனால் அதையே முதலில் எடுத்துவைத்தால், “உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதிகாரிகள் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். தூரத்திலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஆதாரம் இருக்கிறது.

இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறையின் பதிவுகளை வைத்து ஜோர்டி பிளானஸ் இ விடால், டாம் கிர்ச்மையர் என்ற இரு ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காவல் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் இடங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருபுறம் இருப்பவர்களுக்குத் தங்கள் நிலையம் பக்கம். மறுபுறம் இருப்பவர்களுக்குத் தொலைவு. மற்றபடி இரண்டு இடங்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், காவலர் வந்துசேர ஆகும் நேரத்தின் விளைவைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. அந்த நேரம் 10 சதவீதம் கூடினால், குற்றம் துலங்கும் வாய்ப்பு 4.7 சதவீதப் புள்ளிகள் குறைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதற்கு அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது: காவலர் விரைவில் வந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரோ நேரில் பார்த்தவரோ சந்தேகத்துக்குரியவரின் பெயரைச் சொல்லும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய புள்ளியியல் எதுவும் தேவையில்லை. சண்டையைப் பார்த்தவர் ஐந்து நிமிடம் நிற்பார். அரை மணி நேரம் நிற்கமாட்டார். நின்றாலும், அதற்குள் நாலு பேர் வந்து “உனக்கெதற்கு வம்பு” என்று சொல்லி அழைத்துப் போயிருப்பார்கள்.

“காவலர் எண்ணிக்கை குறையவில்லை” என்ற வாதத்துக்கு நேரடியான மறுமொழி ஜெர்மனியிலிருந்து கிடைக்கிறது. அங்கே பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் சிறு காவல் நிலையங்கள் பல மூடப்பட்டதன் விளைவைச் செபாஸ்டியன் பிளெஸ்ஸே, ஆந்த்ரே டீக்மன் இருவரும் ஆராய்ந்து 2022இல் வெளியிட்டார்கள். நிலையம் மூடப்பட்ட பகுதிகளில் வாகனத் திருட்டும், வீடு புகுந்து திருடுவதும் கூடியிருந்தன. காவலர் எண்ணிக்கை மாறியதால் அல்லது குற்றவாளிகள் வேறு பகுதியிலிருந்து இடம்பெயர்ந்ததால் இப்படி ஆகியிருக்குமா என்றும் அவர்கள் சோதித்துப் பார்த்து, அந்த விளக்கங்களை விலக்கிவிட்டார்கள். ‘பிடிபட்டுவிடுவோம்’ என்ற எண்ணம் திருடுபவனிடம் தளர்ந்துபோனதே பொருந்தும் விளக்கமாக எஞ்சியது. ஆகவே கட்டடம் சும்மா நிற்கவில்லை, அதுவும் ஒரு வேலையைச் செய்கிறது என்பதை நீங்கள் உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. லண்டனில் சிக்கன நடவடிக்கையால் நிலையங்கள் மூடப்பட்டதை எலிசா ஃபாக்கெட்டி என்ற பொருளியல் ஆய்வாளர் ஆராய்ந்தபோது, வன்முறைக் குற்றங்கள் கூடின, துலங்கிய வழக்குகளின் விகிதம் குறைந்தது, வன்முறை சாராத குற்றங்களில் மக்கள் புகார் கொடுப்பதும் குறைந்தது என்று கண்டார். இந்த மூன்றாவதுதான் பின்னாளில் உங்கள் காலை வாரிவிடும். நிலையத்தை மூடிய ஓராண்டு கழித்து, “பாருங்கள், திருட்டுப் புகார்கள் குறைந்துவிட்டன” என்று ஓர் அட்டவணையைக் காட்டுவார்கள். குறைந்தது திருட்டா, புகாரா என்று அந்த அட்டவணை சொல்லாது. எனவே இப்போதே, மூடுவதற்கு முன்பே, கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் நிலையத்துக்கு நேரில் வந்தவர்கள் எத்தனை பேர், அழைப்பு வந்த நேரத்துக்கும் காவலர் வந்துசேர்ந்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்ற விவரங்களை எழுத்தில் கேளுங்கள். சராசரியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மிகத் தாமதமான பத்தில் ஒரு பங்கு அழைப்புகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தனியே கேளுங்கள், ஏனென்றால் ஆறு கிலோமீட்டரின் உண்மையான விலை இரவு இரண்டு மணிக்கும் மழைநாளிலும்தான் தெரியும்.

கேள்வி: நான் காவல்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். தாங்கள் பொதுமக்களின் பக்கத்தை மட்டுமே பார்க்கிறீர்கள். ஒரு நிலையத்தைத் திறந்து வைத்திருப்பதற்கே பாரா, எழுத்தர், கம்பியில்லாத் தகவல் பணி என்று ஆட்களைச் செலவிட வேண்டும். இரண்டு நிலையங்களை இணைத்தால் அவர்களுள் பாதிப் பேர் தெருவுக்கு வருவார்கள். இது ஆதாயம் அல்லவா?

பதில்: ஐயா, தங்கள் கணக்கு சரி. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் பணியாற்றினாலும் ஒரே ஒரு நாற்காலியை இடைவிடாமல் நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பு, பயிற்சி, நீதிமன்ற அலுவல் ஆகியவற்றைச் சேர்த்தால் நான்கைத் தாண்டிவிடும். இப்படி மூன்று நாற்காலிகள் இருந்தால் பன்னிரண்டு பேருக்கு மேல் கட்டடத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் பேசினால், அவர்களின் மற்ற வாதங்களும் மதிப்பிழக்கும்.

என் ஐயம் அடுத்த படியில்தான் இருக்கிறது. அப்படி விடுபடுபவர்கள் தெருவுக்குத்தான் வருவார்கள் என்பதற்கு எழுத்துப்பூர்வமான உறுதி எங்கே? பெரும்பாலான இணைப்புத் திட்டங்களில் ‘பணியாளர்கள் செம்மையாகப் பயன்படுத்தப்படுவார்கள்’ என்று எழுதியிருக்குமே தவிர, எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எத்தனை பேர் என்று எழுதியிருக்காது. மேலும் அவர்கள் பணி மாறும்போதெல்லாம் ஆறு கிலோமீட்டர் வரவும் போகவும் வேண்டும். பிடிபட்டவரை அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நேரமெல்லாம் உங்கள் ஆதாயக் கணக்கிலிருந்து கழியும்.

ரோந்து வாகனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 1972 அக்டோபரிலிருந்து ஓராண்டு காலம் 15 ரோந்துப் பகுதிகளில் ஒரு சோதனை நடந்தது. சில பகுதிகளில் வழக்கமான ரோந்தை நிறுத்திவிட்டு அழைப்பு வந்தால் மட்டும் போனார்கள். சிலவற்றில் இரண்டு மூன்று மடங்காகக் கூட்டினார்கள். மீதியில் பழையபடியே விட்டார்கள். குற்றத்திலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. காவலர் நடமாட்டத்தால் பயனே இல்லை என்பதற்கு இதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. அது மிகையான முடிவு. குற்றம் குவிகிற குறிப்பிட்ட தெருமுனைகளில் காவலர்களை நிறுத்துவதால் பலன் உண்டு என்று 1995இல் வெளியான மினியாபொலிஸ் நகர ஆய்வு காட்டியது. ஆனால் பொத்தாம்பொதுவாகச் சுற்றிவரும் வாகனத்தைக் காட்டி ஒரு நிலையத்துக்கு ஈடாகக் கொள்ளச் சொன்னால், ஈடு கொடுப்பவரிடம்தான் கான்சஸ் சோதனையை நாம் காட்ட வேண்டும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஜப்பானில் இருக்கிறது. ‘கோபன்’ எனப்படும் சிறு காவல் சாவடிகள் 1874இல் டோக்கியோவில் தோன்றின. இன்று அந்நாடெங்கும் 6,000-க்கு மேல் இருக்கின்றன. விசாரணை, காவலில் வைத்தல் போன்றவை பெரிய நிலையத்தில் நடக்கும். வழி கேட்பது, தொலைந்த பொருளை ஒப்படைப்பது, அக்கம்பக்கச் சச்சரவு ஆகியவை சாவடியோடு முடியும். காவலர் ரோந்துக்குப் போய்ச் சாவடி ஆளில்லாமல் கிடக்கும் நேரமும் உண்டு. அப்போது தொலைபேசிதான் பேசும். குறை இருக்கிறது, ஆனாலும் கதவே இல்லாததைவிட மேல். நிலையம் முழுதாக நீடிப்பது இயலாது என்று உறுதியாகத் தெரிந்தால், பின்வாங்கி நின்று கேட்கத்தக்க கோரிக்கை இதுவே என்பது என் கருத்து.

கேள்வி: கைப்பேசியிலேயே புகார் பதிவுசெய்ய முடிகிற காலத்தில் காவல் நிலையத்துக்கு யார் போகிறார்கள்? நான் கல்லூரி மாணவி. என் தோழிகளில் ஒருவர்கூட அங்கே போனதில்லை.

பதில்: போகும் தேவை உங்களுக்கு நேராதது நல்லதே. ஆனால் கைப்பேசியே களவு போனவர், அதைக் கணவரோ மாமியாரோ நாள்தோறும் சோதிக்கும் வீட்டில் வாழும் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர், பின்னால் யாரோ துரத்திவர விளக்கெரியும் வாசலைத் தேடி ஓடுபவர் ஆகியோருக்குச் செயலியால் ஆவது மிகக் குறைவு. நிலையத்துக்கு வருபவர் பலர் புகாரோடு வருவதில்லை என்பதும் வெளியில் அதிகம் தெரியாத செய்தி. “இதற்குப் புகார் கொடுக்கலாமா, கூடாதா” என்று கேட்கவே வருகிறார்கள். அந்தக் கேள்விக்கு இணையப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கேள்வி: எங்கள் பகுதி நிலையத்தில் ஏழை எளியவர்களை உட்காரக்கூடச் சொல்வதில்லை. அதை மூடினால் எங்களுக்கு நிம்மதிதான். இப்படிப்பட்ட நிலையத்துக்காகவும் போராடச் சொல்கிறீர்களா?

பதில்: இந்தக் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன். உங்கள் கசப்புக்கு இடமிருக்கிறது. எதிர்ப்புக் கூட்டங்களில் அதற்கு இடம் தருவதில்லை. மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் நிலையத்தில் நாற்காலி கிடைக்கிறவர்கள்.

ஆயினும் மூடினால் நடக்கப்போவதை எண்ணிப் பாருங்கள். உங்களை நிற்கவைத்தவர்கள் வேலையிலிருந்து போகப்போவதில்லை. அவர்களே அடுத்த நிலையத்தில் இருப்பார்கள், நீங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய் நிற்பீர்கள். பக்கத்தில் இருக்கும் நிலையத்தின் வாசலில் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் திரண்டு நின்று கேட்கவாவது முடியும். தொலைவில் இருப்பதன் முன்னால் அதுவும் கடினம். ஆகவே ‘மூடாதே’ என்ற மனுவிலேயே, வருவோரை அமரவைத்துக் கேட்பது, கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுத் தருவது, மாதம் ஒருமுறை மக்களைச் சந்திப்பது ஆகியவற்றையும் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுக்கும் சங்கத்துக்கு நீங்கள் கையெழுத்திட வேண்டிய கடமை இல்லை.

கேள்வி: கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். முடிவை எடுத்துவிட்டு ஒப்புக்குக் கேட்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போவதில் பயன் உண்டா?

பதில்: போங்கள், ஆனால் பேசிவிட்டு மட்டும் வராதீர்கள், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். லண்டனில் 2017ஆம் ஆண்டில், ஒவ்வொரு நகராட்சிப் பகுதிக்கும் 24 மணி நேரமும் இயங்கும் ஒரு வரவேற்பு மேசையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடும் திட்டம் வந்தது. விம்பிள்டன் நிலையமும் மூடப்படவிருந்தது. 2014இல் தம் வீட்டிலேயே கொள்ளையர்களால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, காவலர் விரைந்து வந்ததால் உயிர் பிழைத்தவரான பால் கோலர் என்ற சட்டக் கல்வியாளர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2018இல் உயர் நீதிமன்றம், கருத்துக் கேட்பின்போது அவர் எழுதி அனுப்பியிருந்த பதில் உரியவாறு பரிசீலிக்கப்படவில்லை என்று கூறி, விம்பிள்டன் பற்றிய முடிவு சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. திட்டம் முழுவதையும் நீதிமன்றம் ரத்து செய்துவிடவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வென்றது ஒரு நிலையம், அதற்கு அடிப்படையாக இருந்தது எழுத்தில் இருந்த ஒரு பதில்.

அந்நாட்டு நீதிமன்றங்கள் 1985ஆம் ஆண்டின் கன்னிங் வழக்கிலிருந்து பின்பற்றும் நான்கு அளவுகோல்கள் எந்த நாட்டிலும் கேட்கத்தக்க கேள்விகளாக உதவும். முடிவு உருவாகிக்கொண்டிருக்கும்போதே கருத்துக் கேட்டார்களா, மக்கள் சிந்தித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தந்தார்களா, போதிய கால அவகாசம் அளித்தார்களா, வந்த பதில்களை மனச்சான்றோடு பரிசீலித்தார்களா? சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எனவே வழக்குத் தொடுப்பது பற்றி உங்கள் ஊர் வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் மனுவில் உங்களுக்கு நேர்ந்ததைத் தேதியோடும் நேரத்தோடும் எழுதுங்கள். ஒரே வாசகத்தை அச்சடித்து ஆயிரம் பேர் கையெழுத்திட்டால் ஒரே கருத்தாக எண்ணி ஓரமாக வைப்பது எளிது. இருபது பேர் இருபது நிகழ்ச்சிகளை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் நிலையத்தைப் பூட்டி மூன்று மாதமாகிறது. இனி என்ன செய்ய முடியும்?

பதில்: பூட்டைத் திறக்க முடியும், விற்றுவிட்டால் முடியாது. எனவே இடத்தை விற்கவோ, வேறு துறைக்கு ஒப்படைக்கவோ கூடாது என்ற ஒற்றைக் கோரிக்கையை முதலில் வையுங்கள். ஓராண்டுக்குப் பிறகு, மூடுவதற்கு முன்பிருந்த வந்துசேரும் நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் ஒப்பிட்டு வெளியிடும்வரை விற்பனையை நிறுத்திவைக்கக் கேளுங்கள். அதுவரை, அழைத்த நேரத்தையும் காவலர் வந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவைக்கத் தெருவுக்கு ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.