ரெட்டைப் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் ரெட்டைப் பையன்களுக்கு இரண்டேகால் வயது. குறைமாதத்தில், 34 வாரத்தில் பிறந்தவர்கள். தங்களுக்குள் ஏதோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், அங்கன்வாடியில் தமிழ். இதனால்தான் குழம்பிவிட்டார்களா? தெலுங்கை நிறுத்திவிடலாமா?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: நிறுத்தாதீர்கள். பல மொழிகள் காதில் விழுவதால் பேச்சு தள்ளிப்போவதில்லை. அந்தத் தனிப் பாஷையும் பெரும்பாலும் புது மொழி இல்லை. நீங்கள் சொல்லும் வார்த்தைகளின் மழலைதான். தெலுங்கில் தண்ணீருக்கு 'நீள்ளு'; ஒருவன் அதை 'ஈயு' என்கிறான் என்று வையுங்கள். மற்றவனுக்கு அது போதும், தண்ணீர் டம்ளரைப் பார்க்கிறான், நாளைக்கு அவனும் 'ஈயு' என்பான். ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் நீங்கள் புரியாமல் முழிப்பதைப் பார்த்து வார்த்தையைச் சரிசெய்துகொள்வான். இங்கே கேட்பவனுக்கும் அதே வயது, அதே மழலை.

ரெட்டையருக்குப் பேச்சு கொஞ்சம் தாமதமாவது சகஜம். குறைப்பிரசவம் ஒரு காரணம். இன்னொன்று, "ரெண்டு பேரும் வாங்க, சாப்பிடுங்க" என்று பொதுவாகச் சொல்லியே நாள் ஓடிவிடுகிறது. ஒருவன் முகத்தைப் பார்த்துப் பேசும் நேரம் பாதியாகிவிடுகிறது. அதைத்தான் மீட்க வேண்டும். தினமும் ஒவ்வொருவனுக்கும் 15 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். குளிக்க வைக்கும் நேரம் வசதி: ஒருவன் உங்களிடம், மற்றவன் பாட்டியிடம். முதலில் பெயர், பிறகு பேச்சு. 'ஈயு' என்று கை நீட்டினால் சிரிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், நீங்களும் 'ஈயு' என்று கொஞ்சவும் வேண்டாம். "நீள்ளு காவாலா?" (தண்ணீர் வேணுமா?) என்று கேட்டு, மனசுக்குள் 5 எண்ணிவிட்டுக் கொடுங்கள். அந்த 5 எண்ணிக்கைதான் பலருக்கு முடிவதில்லை. அவனுக்காக இவன் முந்திக்கொண்டு பதில் சொன்னால், "அவன் சொல்லட்டும்" என்று நிறுத்துங்கள்.

ஆளுக்கொரு நோட்டில் வார்த்தைகளை எழுதுங்கள். மூன்று மொழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். தண்ணீருக்கு எப்போதும் 'ஈயு' என்றால் அதுவும் ஒரு வார்த்தைதான். 2 வயதில் சுமார் 50 வார்த்தைகளும், 'அம்மா தா' மாதிரி இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் இருக்க வேண்டும். குறைமாதப் பிள்ளைகளுக்கு 40 வாரத்துக்குக் குறைந்ததை வயதிலிருந்து கழித்துப் பார்ப்பது வழக்கம். உங்களுக்கு அது 6 வாரம். கழித்தாலும் இவர்கள் 2 வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே 50 தேறவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதல் வேலை காது பரிசோதனை. மாவட்ட அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். இருவரையுமே அழைத்துப் போங்கள். ஒருவனுக்குக் கேட்கிறது என்பதால் மற்றவனுக்கும் கேட்கும் என்று ஆகாது.

கேள்வி: ரெட்டைப் பெண்களை ஒன்றாம் வகுப்பில் தனித்தனி செக்‌ஷனில் போடச் சொல்கிறது பள்ளி. பிரித்தால் ஏங்கிப்போவார்களே?
- வாசகர், பாலக்கோடு

பதில்: எல்லா ரெட்டையரையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஒருத்தி பேச, மற்றவள் பின்னால் ஒளிகிறாளா? ஒருத்தி நோட்டைப் பார்த்தே மற்றவள் எழுதுகிறாளா? அப்படியென்றால் பிரிப்பது நல்லது. இல்லையென்றால் இந்த வருடம் சேர்ந்தே இருக்கட்டும். வீடு மாறிய வருடத்திலோ, வீட்டில் துக்கம் நடந்த வருடத்திலோ பிரிக்க வேண்டாம். பிரிப்பதானால் ஒரு மாதம் முன்பே ஒருத்தி அப்பாவோடு சந்தைக்கு, மற்றவள் அம்மாவோடு வீட்டில் என்று பழக்குங்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் சேர்ந்து சாப்பிட விடச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் இங்கே ரெட்டைத் தங்கைக்கும் உடம்பு சுடுகிறதே, எப்படி?
- வாசகி, அரூர்

பதில்: அப்படி உடல் உணர்வு ஊர்விட்டு ஊர் பாய்வதாக நிரூபணம் இல்லை. பொருந்திய நாள் நினைவில் நிற்கிறது, பொருந்தாத நாள் மறந்துவிடுகிறது. போன் வருவதற்கு முன்பே தங்கை காலண்டரில் குறித்து வைக்கட்டும், 3 மாதம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பந்தம் பொய் என்று சொல்லவில்லை. 14-வது வாரத்திலிருந்தே கருவில் ஒன்று மற்றொன்றை நோக்கிக் கை நீட்டுவதை ஸ்கேனில் பார்த்து, இத்தாலிய ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு நஞ்சுக்கொடி இருந்ததால் என் பிள்ளைகள் ஒரே கருவிலிருந்து வந்தவர்கள் இல்லை என்றார்கள். பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறார்களே?
- வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: நஞ்சுக்கொடியை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கரு முதல் 3 நாளுக்குள் பிரிந்தால் ஆளுக்கொரு நஞ்சுக்கொடி வந்துவிடும்; ஒரே கரு இரட்டையரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான். ரத்த வகை வேறு என்றால் ஒரே கரு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றாக இருந்தால் எதுவும் நிரூபணமாகாது. உறுதியாகச் சொல்வது கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் டிஎன்ஏ பரிசோதனைதான். ஒருவருக்குப் பரம்பரை நோய் தெரியவந்தால் இது அவசியம்.

கேள்வி: ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டால் ரெட்டைப் பிள்ளை பிறக்குமா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: பிறக்காது. அம்மாவுக்கோ அவள் உடன்பிறந்தாளுக்கோ இரு கரு இரட்டையர் இருப்பது, வயது முப்பதைத் தாண்டுவது, கருத்தரிப்புச் சிகிச்சை, இவைதான் வாய்ப்பைக் கூட்டும். பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.