கார் வாஷர் தண்ணி ஊத்தியும் முன்கண்ணாடிக்கு வரலன்னா

டேங்க் நிறைய ஊத்திட்டேன், வைப்பர் லிவர இழுத்தா மோட்டார் சத்தம் மட்டும் வருது, தண்ணி வரலன்னு சொல்லிருக்கீங்க. மொதல்ல ஊத்துனது வாஷர் டேங்க்தானான்னு மூடியப் பாருங்க, கண்ணாடி மேல தண்ணி பீச்சுற மாதிரி படம் இருக்கணும். தப்பா இன்ஜின குளிர வைக்கிற கூலன்ட் டேங்க்ல சோப்புத் தண்ணிய ஊத்தியிருந்தா தயவுசெஞ்சு வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, மெக்கானிக்கதான் கூப்பிடணும்.

டேங்க் சரிதான்னா ஃபியூஸ் பத்தி கவலை இல்ல, மோட்டார்தான் ஓடுதே. பானட்டத் தூக்கி நாசிலுக்கு (தண்ணி பீச்சுற சின்ன முனை) போற ரப்பர் டியூப கழட்டிட்டு வேற யாரையாவது லிவர இழுக்கச் சொல்லுங்க, டியூப்ல தண்ணி வந்தா நாசில்தான் அடைச்சிருக்கு, மெல்லிசான ஊசிய விட்டு மெதுவா எடுங்க, அழுத்திக் குத்துனா பீச்சுற திசையே மாறிடும். வரலன்னா கீழ எங்கயோ டியூப் கழண்டிருக்கும், இல்ல பம்ப்கிட்ட அழுக்கு சேந்திருக்கும். அதுவரைக்கும் லிவர இழுத்துப் புடிச்சிட்டே இருக்காதீங்க, மோட்டார் சூடாகி போயிடும்.

அப்புறம் உப்புத் தண்ணி ஊத்தாதீங்க, நாசில் அடைக்கிறதே பெரும்பாலும் அந்த உப்புதான். பாத்திர சோப்பும் வேணாம், நுரை வந்து கண்ணாடில படலமா நிக்கும். தண்ணி உறையுற குளிர்னா உறையாத வாஷர் லிக்விட் மட்டும்தான், வெறும் தண்ணி உறைஞ்சு விரிஞ்சா டேங்கே விரிசல் விட்டுடலாம்.