பொண்ணு எழுதட்டும், அவள் பேரிலேயே

ஈரோடு பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. மகள் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம். ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை, ஆறு மாதம் அவர் வீட்டுக்குப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்து, 240 பக்கமாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தபோது இவள் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நன்றியுரையில் அச்சகத்தார் வரைக்கும் பேர் வந்தது, இவள் பேர் வரவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா அழுதார்.

"பணம்தான் வந்துடுச்சே, பேர் எதுக்கு? நீங்களே சொல்லுங்க" என்றார் அப்பா. தாய்மாமன் முடிவே எடுத்துவிட்டாராம்: பெங்களூரில் எம்.பி.ஏ., இரண்டு வருஷத்துக்கு 18 லட்சம், தோட்டத்தை அடமானம் வைத்தால் ஆகிவிடும்.

அதுவரை ஆறுதலாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடமானம் என்ற சொல் வந்ததும் நிறுத்தினேன். அப்பாவிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன், இதே நிலையில் வேறு பெற்றோரும் இருப்பீர்கள்.

ஐயா, தோட்டத்தைத் தொடாதீர்கள். மகள் கேட்காத படிப்புக்கு 18 லட்சம் கடன் வாங்கினால், அதை அடைக்கும் வயதில் அவளுக்கு எழுத நேரமும் இருக்காது, மனசும் இருக்காது. மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

பேர் வேண்டும் என்று அவள் கேட்பது அகங்காரம் இல்லை. பேர்தான் எழுதுகிறவரின் அனுபவச் சான்றிதழ். அடுத்த வேலைக்குப் போகும்போது அந்த 240 பக்கத்தை அவளால் "நான் எழுதியது" என்று எடுத்துக் காட்ட முடியாது. இப்படிப் பேர் இல்லாமல் இன்னொருவருக்காக எழுதிக் கொடுக்கும் கோஸ்ட் ரைட்டிங் கேவலமான தொழில் என்று நான் சொல்லமாட்டேன். பேர் ஊன்றிய பிறகு, நல்ல கூலிக்கு, ஒப்பந்தம் போட்டுச் செய்யலாம். 21 வயதில் தொடங்கவேண்டிய இடம் அது இல்லை. மேடைப் பேச்சு எழுதித் தரும் வேலை வந்திருப்பதாகவும் சொன்னீர்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957 பிரிவு 17-ன்படி பொதுமேடையில் ஆற்றிய உரைக்கு முதல் உரிமையாளர் பேசியவர். அதனால் அந்த வேலை இப்போது வேண்டாம்.

ஆறு மாதம் இன்னொருவர் குரலைக் காதில் வாங்கி, அதே குரலில் எழுதியிருக்கிறாளே, அந்தத் திறமைக்குப் பேரோடு ஒரு இடம் இருக்கிறது. இலக்கிய மொழிபெயர்ப்பு. தமிழும் ஆங்கிலமும் அவளுக்குச் சரளம். ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த நூல்களுக்குத் தரும் சர்வதேச புக்கர் பரிசு 2025-ல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்குக்குக் கிடைத்தபோது, 50,000 பவுண்டில் சரிபாதி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பஸ்திக்குப் போனது. அந்தப் பரிசின் விதியே அதுதான். சாகித்ய அகாதெமியும் மொழிபெயர்ப்புக்குத் தனிப் பரிசு தருகிறது. சட்டத்திலும் மொழிபெயர்ப்புக்கு மூலத்திலிருந்து தனியாகப் பதிப்புரிமை உண்டு.

தொடங்கச் செலவே இல்லை. இந்தியாவில் பதிப்புரிமை, எழுத்தாளர் இறந்த பிறகு 60 வருஷம் வரைதான். புதுமைப்பித்தன் 1948-ல் காலமானார், அவர் கதைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு சிறுகதையை எடுக்கட்டும். மூன்று முறை திருத்தட்டும். சத்தமாக வாசித்துப் பார்க்கட்டும், கொங்குப் பேச்சையோ நெல்லைப் பேச்சையோ ஆங்கிலத்தில் எப்படி உட்காரவைப்பது என்று முட்டி மோதட்டும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எழுத்துப் பயிற்சி இல்லை. பிறகு சாகித்ய அகாதெமியின் 'இண்டியன் லிட்ரேச்சர்' போன்ற இதழ்களுக்கு அனுப்பலாம். வாழும் எழுத்தாளர் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். முறையாகப் படிக்க ஆசைப்பட்டால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புத் துறையே இருக்கிறது.

இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அதையும் அவள் முன்னாலேயே சொன்னேன். வயிற்றுக்கு வேறு சம்பளம் வேண்டும். நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் உண்டு, படங்களுக்கு வசன வரி (சப்டைட்டில்) எழுதும் வேலை உண்டு. அவற்றுக்கும் கை பழகியிருக்கும்.

அம்மா, ஒரு விஷயத்தில் நீங்கள் அவளுக்குக் காவல் இருக்கவேண்டும். இனி வாய்வார்த்தையில் எந்த வேலையும் வேண்டாம். பேர் அட்டையில் வருமா, பதிப்புரிமை யாருக்கு, விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கான ராயல்டி எவ்வளவு, மூன்றும் தாளில் இருக்கட்டும். பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தில் கையெழுத்து வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை விற்ற பிறகும் "இது என் எழுத்து" என்று சொல்லும் உரிமையைப் பிரிவு 57 எழுதியவரிடமே விட்டுவைக்கிறது.

அந்தப் பெரியவரிடம் உங்கள் மகள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை என்றீர்கள். சண்டை வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். உள்பக்கத்தில் "எழுத்தாக்கம்" என்று போட்டு அவள் பேரைச் சேர்க்கக் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதட்டும். இரண்டாம் பதிப்பு தை மாதம் வருகிறதாம், அச்சுக்குப் போவதற்கு முன்னால் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.